நாராவில் கடல் இல்லை

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகத்தான் பிறந்தது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "மேடம், 'ஜப்பானில் ஒரு நாள்'னு ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்க போலாம், என்ன வாங்கலாம், தெருவோரத்துல என்ன சாப்பிடலாம். படிக்கிறவங்களுக்குப் பயன்படணும், அவ்வளவுதான்" என்றார். நான் ஒசாகாவில் குடியிருந்தே தலை நரைத்தவள். பிழைப்புக்கு, சோறு வடிக்கும் மின்சாரப் பானை, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் கையேடுகளில் பிழை திருத்துகிறேன். பயன்படும்படி எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் வரி இது:

காலையில் ஷின்-ஒசாகா ரயில் நிலையத்தில் வந்திறங்கும் பயணி முதலில் கவனிக்க வேண்டியது—

இரண்டாவது முதல் வரி இது:

ஒசாகா என்றதும் நம் நினைவுக்கு வருவது—

யாருடைய நினைவுக்கு? எனக்கே எதுவும் வரவில்லை. பசிதான் வந்தது. கீழே இறங்கித் தமயோ அக்காவின் கடைக்குப் போனேன். கட்டுரை அங்கேயே காணாமல் போயிற்று.

2

தமயோ அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் குடியிருப்பின் அடியில், சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டி, தாகோயாகி சுட்டு விற்கிறார்.

[அடிக்குறிப்பு: 'தாகோயாகி என்பது ஒருவகைக் குழிப்பணியாரம்' என்று முதலில் எழுதியிருந்தேன். நான் எழுதுவதை அக்காவுக்கு அவ்வப்போது ஜப்பானிய மொழியில் சொல்லிக் காட்டுவது வழக்கம். "உங்க பணியாரத்துக்குள்ள ஆக்டோபஸ் இருக்குமா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். "அப்ப அடி அதை" என்றார். அடித்துவிட்டேன். ஆனால் குழிக்கல் அதே கல்தான். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.]

அக்கா இளவயதில் மேடை ஏறியவர். இரண்டு பேர் ஒரே மைக் முன்னால் நின்று பேசியே சிரிக்கவைப்பது இந்த ஊர்க்காரர்களின் வித்தை. ஒருத்தர் உளறுவார். இன்னொருத்தர் அந்த நொடியே தலையில் ஒரு தட்டுத் தட்டித் திட்டுவார். உளறலுக்குச் சிரிப்பு வராது, திட்டு விழும்போதுதான் வரும். அக்கா உளறுகிறவர். திட்டுகிறவர் பெயர் மசுமி. ஜோடியின் பெயர் 'கெண்டியும் மூடியும்'. முப்பது வருடத்துக்கு முன்னால் மசுமி டோக்கியோவுக்குப் போய்விட்டார், அத்தோடு ஜோடி முடிந்தது.

முடிந்த பிறகும் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் இருவரும் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்வார்கள். மசுமி எழுதுவது ஒரே வரி: "இந்த வருஷமாவது பார்ப்போம்." அக்கா எழுதுவதும் அதே வரி. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் எழுதுகிற வரி அது. எழுதியவரும் நம்பமாட்டார், வாங்கியவரும் நம்பமாட்டார். இந்த ஜனவரியில், என்ன தோன்றியதோ, அக்கா அதை நம்புவது என்று முடிவு செய்துவிட்டார்.

"பாப்போம்னு அவதானே எழுதியிருக்கா? சரி, பாத்துருவோம். நாள் குறிச்சு, அட்டையில இருக்குற அவ நம்பருக்கு அனுப்பிருவோம். நீ ஏதோ 'ஒரு நாள்' எழுதணும்னியே. நான் சொல்றேன், நீ போன்ல அடி. உனக்குக் கட்டுரை, எனக்கு மசுமி."

"நீங்களே அனுப்பலாமேக்கா."

"என் விரலைப் பாரு. ஒரு எழுத்தை அமுக்குனா பக்கத்து வீட்டு எழுத்தெல்லாம் எந்திரிச்சு வருது. நீ அடி."

அடித்தேன்.

"காலைல வந்து இறங்குறா. நேரா பாத்திரக்கடைத் தெரு. நல்ல வாணலியா நாலஞ்சு பாக்குறோம், விலை கேக்குறோம், வாங்காம வர்றோம்."

"ம்."

"மதியச் சாப்பாடு அதே தெருவுல, பொம்மைச் சாப்பாட்டுக் கடையில."

நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டல்காரர்கள் வாசல் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்க பிளாஸ்டிக்கில் செய்த நூடுல்சும் இறால் வறுவலும் விற்கிற கடை அது. "அங்க ஒண்ணும் சாப்பிட முடியாதேக்கா."

"நீ அடிம்மா. அப்புறம் ரயிலேறி நாரா. நாரா பீச்சுல உக்காந்து காத்து வாங்குறோம்."

நாராவில் கோயில் உண்டு, மான் உண்டு, மானுக்குப் போட பிஸ்கெட் உண்டு. மாகாணத்தின் எந்த மூலையிலும் கடல் எட்டிப் பார்க்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுத்ததற்குப் போய்விட்டார்.

"வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்து குஷிகாட்சு. குச்சியில குத்திப் பொரிச்சதை சாஸ்ல முக்குறோம், கடிக்கிறோம், மறுபடி முக்குறோம்."

வரிசையில் நின்ற ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். எல்லோருக்கும் பொதுவான சாஸ் கிண்ணத்தில் கடித்ததை மறுபடி முக்குவது, இந்த ஊரில், கோயிலுக்குள் செருப்போடு நடப்பது மாதிரி.

"கடைசியா, ஊருலயே ஒசத்தியான தாகோயாகிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அது எந்தக் கடை, அக்கா?"

"இதுதான். அன்னைக்கு லீவு."

எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு மாடியேறினேன். [பாதி வாக்கியம்: வயதாகிவிட்டதல்லவா, அக்காவுக்குக் கொஞ்சம்— வேண்டாம். இதை முடிக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு முழுசாகவே நினைத்தேன்.]

3

தொழில் புத்தி யாரை விட்டது? அனுப்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தேன். மதியச் சாப்பாட்டை மீன் சந்தைக்கு மாற்றி, சுட்ட சிப்பி என்று போட்டேன். கடற்கரையைப் பூங்காவாக்கினேன். சாஸில் ஒருமுறை மட்டும் முக்கவைத்தேன். மூடியிருக்கிற கடைக்கு விருந்தாளியை அழைத்துப் போகிற கடைசி வரியை வெட்டியே எறிந்துவிட்டேன். ரயில் எங்கே மாறவேண்டும் என்பதையும் சேர்த்தேன். படித்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "மிக அருமையான திட்டம். உங்கள் சிரமத்துக்கு நன்றி. முடிந்தால் வருகிறேன். மசுமி."

4

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "முடிஞ்சா வர்றேன்" என்கிறவருக்கு நாம் இலை போட்டு வைப்போமா? ஒசாகாவும் அப்படித்தான். முகத்துக்கு நேரே 'வரமாட்டேன்' என்று சொல்லக் கூசுகிறவர்கள் எல்லோரும் இந்த வார்த்தைக்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள்.

"வரமாட்டா" என்றார் அக்கா. குத்தூசியால் உருண்டைகளைப் புரட்டுகிற வேகம் குறையவில்லை. "சரி விடு. மிளகா போடவா, வேண்டாமா?"

என் பக்கதில் வந்து நின்றவர் கசாமா. ['பக்கதில்' இல்லை, 'பக்கத்தில்'. பிழை திருத்துகிறவளின் லட்சணம். இருக்கட்டும், அப்படியே விடுகிறேன்.] கசாமா டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி ஊழியர். ஒட்டுக்கேட்டது தப்பு என்று முதலில் மன்னிப்புக் கேட்டார், பிறகு பேசினார்.

"எங்க ஊர்ல முடிஞ்சா வர்றேன்னா, முடிஞ்சா வருவோம்னுதாங்க அர்த்தம்."

"அடப்பாவி, நீ சொல்லுவ!" என்று அக்கா அவர் பக்கம் திரும்பினார். "போன மாசம் கடையோட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டேன். முடிஞ்சா வர்றேன்னு சொன்ன. நிசமாவே வந்து நிக்கிற! உனக்கு வைக்கத் தட்டு இல்லாம நான் பட்ட பாடு இருக்கே."

"அதான் எனக்கு உக்கார எடம் இல்லையா அன்னைக்கு?"

"பின்ன? அவ்வளவு தெளிவா வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்தா?"

சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. மசுமி பிறந்து வளர்ந்தது இங்கே, முப்பது வருடமாக இருப்பது அங்கே. அந்த இரண்டு சொல்லை அவர் எந்த ஊர்க்காரியாக எழுதினார்? ஒசாகாக்காரியாக என்றால் வரமாட்டார். டோக்கியோக்காரியாக என்றால் வருவார். அவர் இன்னும் ஒசாகாக்காரியாகவே இருக்கவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டால், அந்த ஆசை நிறைவேறுகிற அன்று மசுமி வரமாட்டார்.

[இந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். "ரொம்ப யோசிக்காத, கல்லு காயுது" என்றார்.]

5

உருண்டைகளைப் படகு வடிவத் தட்டில் அடுக்கிக்கொண்டே அக்கா கேட்டார். "'மிக அருமையான திட்டம்'னு ஏன் எழுதுனா? என்னை அவ ஒரு நாளும் பாராட்டுனதில்லையே. என்ன அனுப்புன? படி பாப்போம்."

படித்தேன். பெருமையாகவே படித்தேன்.

"பீச்சு எங்க?"

"நாராவுல கடல் இல்லக்கா."

"இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா குத்தூசியைக் கீழே வைத்தார். கல்லில் மாவு வெந்துகொண்டிருக்கும்போது அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"அதை நீ எதுக்குடி சொல்ற? அவ சொல்ல வேண்டியதுடி அது. நான் நாரா பீச்சுன்னா அவ 'எந்த பீச்சுடி, மான் நீச்சலடிக்குதா?'ன்னு ஒரு தட்டுத் தட்டுவா. பொம்மைச் சாப்பாடுன்னா 'முதல்ல பல்லைக் கழட்டி வச்சிட்டு வா'ம்பா. கடை லீவுன்னா என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் அதைக் கடைசியில வச்சேன். போற எடமெல்லாம் அவ நிக்கிறதுக்கு ஒரு எடம் விட்டு வச்சிருந்தேன். நீ அத்தனையையும் பூசி மெழுகி அனுப்பியிருக்க. நல்லாத்தான் இருக்கு. மூடி வைக்க எடமே இல்லாத கெண்டி!"

எனக்குக் காது மடல் வரை சுட்டது. அந்த மனுஷி உளறவில்லை, அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தார். நான் அதைத் திருத்தி, தகவலாக்கி அனுப்பியிருக்கிறேன்.

மாவு கருகுகிற வாடை வந்தது. கருகியதைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அக்கா மீதியையும் சொன்னார். கடைசி மேடையில் அவர் ஏதோ ஒன்று உளறினாராம். மசுமி திட்டவில்லை. சும்மா நின்றாராம்.

"ஒரு மூச்சு நேரம்தான். அதுக்குள்ள திட்டு விழணும். விழலன்னா நான் சொன்னது வேடிக்கை இல்ல, வெறும் முட்டாத்தனம். அத்தனை பேரு முன்னாடி ஒரு முட்டாளா நின்னேன். அப்புறம் ரெண்டு பேரும் குனிஞ்சு வணங்கிட்டு இறங்கிட்டோம். மறுவாரம் அவ டோக்கியோ போயிட்டா."

"ஏன் சும்மா இருந்தாங்கன்னு கேக்கலையா நீங்க?"

"கேட்டு, அவ பதில் சொல்லிட்டான்னா?"

"அன்னைக்கு என்னக்கா சொன்னீங்க?"

"மறந்துபோச்சு."

பொய். ஆனால் ஒரு கதைக்காரிக்கு இதைவிடத் தொல்லையான பொய் கிடையாது. கதையின் நடுவில் அந்த ஒரு வசனம் வேண்டும். நானே சில எழுதிப் பார்த்தேன். ஒன்று மழையைப் பற்றி, ஒன்று பல் மருத்துவரைப் பற்றி. ஒரு வேகத்தில் 'நீ போயிட்டா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு மாமியார் கூட மேடை ஏறுவேன்' என்று ஒன்று எழுதினேன். அதில் மசுமி போகப்போவது அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதனால்தான் மசுமிக்குத் திட்ட வாய் வரவில்லை என்று ஒரு காரணமும் கிடைத்தது. மிகவும் வசதியான காரணம். அக்காவிடம் சொல்லிக் காட்டினேன். எண்ணெய் தடவிய கல்லுக்கு மறுபடி எண்ணெய் தடவிக்கொண்டே, "இதை எடுத்துரு" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

6

அன்றைக்கே மசுமிக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன். "மன்னிக்கவும். முன்பு அனுப்பியதில் பிழைகள் புகுந்துவிட்டன. சரியான திட்டம் கீழே." கீழே பொம்மைச் சாப்பாடு, நாரா கடற்கரை, இரண்டாவது முக்கு, லீவு விட்ட கடை, எல்லாம் அக்கா சொன்னபடியே. என் வேலையில் இவ்வளவு சரியான பிழைதிருத்தம் நான் செய்ததில்லை.

செய்தியின் ஓரத்தில் 'படித்தாயிற்று' என்ற அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் ஆக்டோபஸ் துண்டு ஒன்று கூடுதலாக விழுந்தது, அது கோபத்தின் அடையாளமா மன்னிப்பின் அடையாளமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்னையிலிருந்துதான் செய்தி வந்தது. "மேடம், கட்டுரை? ரயில் டிக்கெட் விவரத்தை மறந்துடாதீங்க."

7

இங்கே கதைக்கு முடிவு வேண்டும். கைவசம் இருப்பவை:

முதலாவது. மசுமியிடமிருந்து ஒரு நீளமான பதில் வருகிறது. வரிக்கு வரி திட்டு. இதை முழுசாக எழுதி, ஏற்ற இறக்கத்தோடு அக்காவிடம் நடித்தே காட்டினேன். தலையில் தட்டுகிற இடத்தில் காற்றில் தட்டினேன்.

"இது திட்டு இல்லம்மா" என்றார் அக்கா. "'எச்சரிக்கை: ஈரக்கையால் தொடாதீர்கள்'னு எழுதுவியே, அது மாதிரி இருக்கு."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நல்லாக் கோபப்படுற. அதைத் திட்டும்போது படு."

இரண்டாவது. மசுமி வரவில்லை. அக்காவும் நானுமாகப் போகிறோம். வாணலி பார்க்கிறோம், வாங்காமல் வருகிறோம். நாராவில் அக்கா, கடல் எங்கே என்று ஒரு மானிடம் விசாரிக்கிறார். மான் அவர் பையைத் தின்னப் பார்க்கிறது. நான் திட்ட முயற்சி செய்கிறேன், தோற்கிறேன். அக்கா இதைக் குறுக்கிடாமல் கேட்டார். "இதை நீ எழுதத் தேவையில்ல. எனக்கு இது மனப்பாடம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் மாடிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மூன்றாவது, மசுமி என்று ஒருத்தி இல்லவே இல்லை, எல்லாம் என் கற்பனை, அக்காவும் கற்பனை என்று கையை விரித்துவிடுவது. இந்த மாதிரிக் கதைகளில் செல்லுபடியாகிற முடிவுதான். ஆனால் அக்கா கற்பனை என்றால் நான் தினமும் தின்கிறது என்ன? இந்த முடிவை எழுதவே—

8

குறித்த நாள் வந்துவிட்டது. கதை இன்னும் முடியவில்லை. பரவாயில்லை என்று கூடவே கிளம்பிவிட்டேன்.

இதை ஷின்-ஒசாகா நடைமேடையில் நின்றபடி போனில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா மேடையில் போட்ட பழைய மஞ்சள் கோட்டைப் போட்டு வந்திருக்கிறார். பித்தான் சேரவில்லை. திறந்தே விட்டிருக்கிறார். தலைமுடிக்குச் சாயம் போட்டிருக்கிறார், நெற்றி ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருக்கிறது. துடைத்துவிடப் போனேன், "தொடாத, இதையும் திருத்திறாத" என்றார்.

அவருக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. தெரியாமல் அதில் போய் நின்றேன்.

"அங்க இல்ல. தள்ளி நில்லு."

தள்ளி, தூண் ஓரமாக நிற்கிறேன்.

"எந்த வண்டின்னு சொல்லலையேக்கா அவங்க. எத்தனை வண்டி வரும் தெரியுமா டோக்கியோவுலருந்து?"

"தெரியும். எனக்கு இன்னைக்கு லீவுதானே."

முதல் வண்டி வந்து போனது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அடுத்ததும் போனது. மூச்சை இழுத்து, விட்டுவிட்டார். பயம். மேடை ஏறுகிறவர்களுக்கு எல்லா வயதிலும் அது இருக்கும் போலிருக்கிறது.

இதோ இன்னொன்று வந்து நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன. பெட்டிகளை உருட்டிக்கொண்டு கும்பலாக இறங்குகிறார்கள். அக்கா ஓர் அடி முன்னால் வைக்கிறார். இரண்டு கையையும் அகல விரிக்கிறார். அந்த வயதான உடம்புக்குள் இத்தனை பெரிய குரல் எங்கே இருந்ததோ:

"வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க! டோக்கியோ உங்களை அன்போட வரவேற்கிறது!"

ஒரு இளைஞன் பதறிப்போய் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கிறான். இரண்டு பேர் பார்வையைத் திருப்பிக்கொண்டு விலகி நடக்கிறார்கள். 'அக்கா, இது ஒசாகா' என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். நான் சொன்னால் அது திருத்தம்.

இந்தக் கூட்டத்தில் யார் மசுமி என்று எனக்குத் தெரியாது. அக்கா எனக்குப் படம்கூடக் காட்டியதில்லை. அக்காவும் யாரையும் தேடவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கைகள் விரித்தபடி. சிரிப்பு மாறவில்லை, உதட்டோரம் மட்டும் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கிறது.

நீங்களும் இந்த வண்டியில்தான் வந்து இறங்குகிறீர்கள். உங்கள் வாயில் வந்துவிட்டதல்லவா? எந்த ஊர்ப் பேச்சில் என்றாலும் சரி, மரியாதையெல்லாம் வேண்டாம், நன்றாகத் திட்டி, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லுங்கள்.